மைக்செட் அண்ணாச்சியின் ஒரு வரி

தென்காசியில் மைக்செட் வாடகைக்கு விட்டவர்கள் வேறு பிழைப்புத் தேடிப் போனதற்கு ஒரே ஆள்தான் காரணம். அவர் எங்கள் தெரு அண்ணாச்சி; தொண்டையே மைக்செட் என்பதால் மைக்செட் அண்ணாச்சி.

இளவயதில் நாடகக் கம்பெனியில் ராஜா வேஷம் கட்டியவர். சாரல் காலத்தில் குற்றாலம் மெயின் அருவிக்கு எதிரே நின்று வசனம் பேசிப் பழகுவார். இரைச்சலை மீறித் தன் குரல் கடைத்தெருவரை கேட்ட பிறகுதான் குளிக்கவே இறங்குவார். தலையில் தேய்த்த எண்ணெயோடு பயந்து திரும்பிப் போனவர்களும் உண்டு.

பிறகு சினிமா. பண்ணையார், நீதிபதி, பெண்ணைப் பெற்றவர் என்று நிறைய வேஷங்கள். முகம் அவருடையது, குரல் மட்டும் எவருடையதோ. கடைசி வரிசைக்கும் கேட்கப் பேசிய தொண்டை சினிமாவுக்கு ஆகாது என்று எல்லாப் படத்திலும் வேறு ஆளைப் பேசவைத்தார்கள்.

"எவன்லே அவன், என் வாய்க்குள்ள உக்காந்து பேசுதான்" என்பார் தியேட்டரில். அது படத்து வசனத்தைவிடச் சத்தமாகக் கேட்கும்.

போன வருஷம் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயலில் படமெடுக்க வந்த டைரக்டர் ஒருவர், எண்பதைத் தாண்டிய அண்ணாச்சியைத் தேடி வந்தார். சாகக் கிடக்கும் தாத்தா வேஷம். ஒரே வரி: "தாயி, கொஞ்சம் தண்ணி தா." அவர் பேசுவதையே பதிவு செய்வார்களாம், டப்பிங் கிடையாது. ஆனால் மெதுவாகப் பேச வேண்டும்.

அண்ணாச்சி வீட்டிலும் டீக்கடையிலும் மெதுவாகப் பேசிப் பழகினார். தெருவே கதிகலங்கிவிட்டது. டாக்டரிடம் கூட்டிப் போகலாமா என்று அவர் மருமகள் என்னிடம் வந்து கேட்டார்.

படம் வந்த அன்று தெருவோடு தியேட்டருக்குப் போனோம். திரையில் அண்ணாச்சி வாயைத் திறந்ததும் எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. கைதட்டல், விசில். சத்தம் அடங்கியபோது தாத்தா தண்ணீரைக் குடித்தே முடித்திருந்தார்.

வாசலில் அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். "இத்தன வருசமா எவனோ என் குரல அமுக்குனான். இன்னைக்கு நீங்களே அமுக்கிட்டியளே." மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

அவரையும் கூட்டிக்கொண்டு அடுத்த காட்சிக்கும் டிக்கெட் எடுத்தோம். அந்த இடம் வந்தபோது தெருவே கையைக் கட்டிக்கொண்டு, இருமலைக்கூட அடக்கி உட்கார்ந்திருந்தது. அருவியோடு மல்லுக்கு நின்ற அந்தக் குரல் மெல்லத் தண்ணீர் கேட்டது. கடைசி வரிசையில் இருந்த எனக்கு ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

உடனே முன்வரிசையிலிருந்து தியேட்டரே அதிர ஒரு சத்தம்: "கேட்டுச்சாலே?"

கேட்டது அண்ணாச்சி. வீட்டில் தண்ணீர்ச் செம்பை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல் இன்னும் கேட்கிறது.