வண்டிலுக்கு எத்தனை சில்லு?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் வாஷிங்டனில் இருக்கிறது என்று நம்புகிறவரா நீங்கள்? பாவம். அதன் கிளையொன்று உங்கள் ஊரிலேயே, இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டு, வாசிகசாலைக் கதிரையில் கால் நீட்டி அமர்ந்திருக்கிறது. சொந்தக் கிராம அலுவலரின் பெயரைக் கேட்டால் அந்தக் கதிரைக்காரர் தலையைச் சொறிவார். ஆனால் அங்கேயுள்ள ஒன்பது நீதியரசர்களில் யார், எந்த வழக்கில், தீர்ப்பின் எந்தப் பந்தியில் மாறுபட்டார் என்று கேட்டுப் பாருங்கள், பல் விளக்க முன்னமே ஒப்புவிப்பார். இவர்கள்தான் கடல் கடந்த சட்டவாதிகள். கடிக்கமாட்டார்கள். ஆனால் விடவும் மாட்டார்கள்.

புளியங்கூடல் அரியநாயகம் இந்த இனத்தில் முதல்தரம். முப்பது வருடம் உப தபால் அதிபராக இருந்தவர். முத்திரையைச் சரித்து ஒட்டினவர்களைத் திருப்பி அனுப்பி, நேராக ஒட்டவைத்துப் பழகிய கை. ஓய்வு பெற்றபின் சனசமூக நிலையத் தலைவரானார். போன வருடம் மகள் நிருஜாவின் பிள்ளைப்பேற்றுக்காக, மனைவி யோகம்மாவோடு ரெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்ரன் நகரத்துக்குப் போனார். யோகம்மா பிள்ளை பார்த்தா. இவர் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரோடு கார்க் கொட்டிலுக்குள் ஐந்து மாதம் அரசியல் படித்தார். அரசாங்கம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது, வரி குறையவேண்டும், தொட்டதற்கெல்லாம் வழக்குப் போடுகிறவர்களுக்குக் கடிவாளம் போடச் சட்டத்தைத் திருத்தவேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, அரசியலமைப்பில் ஒரு சொல் எழுதப்பட்ட நாளில் சனம் அதை எப்படி விளங்கிக்கொண்டதோ அதுதான் அதன் பொருள், நீதிபதி தன் விருப்பத்துக்கு அதை இழுத்து நீட்டக்கூடாது.

இதில் என்ன பிழை? ஒன்றுமில்லை. படித்தவர்கள் இரண்டு பக்கமும் நின்று மோதுகிற பெரிய விவாதம் அது. வில்லங்கம் என்னவென்றால், மனுசன் அதைச் சூட்கேசுக்குள் வைத்துப் புளியங்கூடலுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஓய்வூதிய வரிசையில் நின்றபடி சின்ன அரசாங்கத்தின் அருமையை விளக்கினார். பசளை மானியப் படிவத்தை நிரப்பிக்கொண்டே, "இந்த மானியங்கள்தான் நாட்டைக் கெடுக்குது" என்று பெருமூச்சு விட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருக்கும் ஊர்க்காரர் நிலையத்துக்கு ஒரு ஓட்டோ அனுப்பினார்கள். வருத்தக்காரரை ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்கு ஏற்றிப்போக. செயலாளர் நிலாந்தி, முன்பள்ளி ஆசிரியை, சந்தனப் பொட்டு வைத்து அதற்கு மாலையும் போட்டாள். தலைவர், அறுபத்தோராம் ஆண்டு எழுதப்பட்ட நிலையத்து யாப்பை, அதாவது விதிப் புத்தகத்தைத் திறந்தார்.

"பதினாலாம் விதி. 'நோயுற்ற அங்கத்தவர் நிலையத்தின் செலவில் வண்டிலில் மட்டுமே ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்லப்படுவர்.' வண்டில் எண்டால் என்ன?"

"ஏறிப் போற சாமான், தலைவர் ஐயா."

"பிள்ளை, நீர் இண்டைக்கு விளங்கிறதைச் சொல்லுறீர். அறுபத்தோராம் ஆண்டு சனம் என்ன விளங்கினது? ரெண்டு சில்லு, ரெண்டு மாடு. இதுக்கு மூண்டு சில்லு. மாடு எங்கை?"

"அப்ப யாப்பைத் திருத்துவம்."

"அதுதான் முறை! யாப்பைத் திருத்துங்கோ, திரிக்காதையுங்கோ. வருடாந்தப் பொதுக்கூட்டம் ஆனியிலை."

அப்போது தை மாதம். ஓட்டோ மூடிக்கட்டிய படங்குக்குக் கீழே போனது. பங்குனியில் அதன் பின்னிருக்கையில் ஒரு கோழி அடைகிடந்தது. சித்திரையில் அடுத்த ஒழுங்கைக் கோபிகாவுக்குப் பிள்ளைப்பேற்று வலி கண்டது. ஓட்டுகிறவனுக்கும் மாமியாருக்கும் நடுவே மோட்டார் சைக்கிளில் நெரிபட்டுப் போனாள். நல்ல காலம், பிள்ளைக்குப் பொறுமை இருந்தது. ஆசுபத்திரிக் கட்டில் வரைக்கும் காத்திருந்து பிறந்தது. அன்று அரியநாயகத்தாருக்குச் சோறு இறங்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் விதி விதிதானே?

வைகாசியில் ஒரு மத்தியானம் அவருக்கே இடுப்பில் குத்து எடுத்தது. கிட்னியில் கல். மனுசன் புழுவாய்ச் சுருண்டார். நிலாந்தி கோழியைத் துரத்திவிட்டு ஓட்டோவைக் கொண்டுவந்து வாசல் படலையில் நிறுத்தினாள்.

"ஏறமாட்டன்."

"இஞ்சருங்கோ, செத்துப்போவியள்!" என்று யோகம்மா குழறினா.

"யாப்புப்படி சாவன்!"

இவரைப் போலி என்று நினைத்திருந்தால் மன்னிப்புக் கேளுங்கள். வேர்த்து ஒழுகி, வாயில் துவாயைக் கடித்துக்கொண்டு, ஒரு மனுசன் கொள்கையை விடாமல் கிடந்தார். ஊரில் இருந்ததோ ஒரேயொரு வண்டில், ஏரம்புவின் சவாரி வண்டில். இரண்டு சில்லு, இரண்டு மாடு, கூடாரம் கிடையாது. சவாரிப் போட்டியில் மூன்றுமுறை முதலாவதாக வந்த மாடுகள் அவை. நடக்கத் தெரியாது, பறக்கத்தான் தெரியும். தலைவரை ஏற்றி ஏரம்பு கயிற்றைத் தொட்டதுதான் தாமதம், அவை ஆசுபத்திரிக்குப் போகிற றோட்டை விட்டுத் தங்களுக்குத் தெரிந்த ஒரே இடமான சவாரித் திடலுக்கு இழுத்து, முழு வட்டம் ஓடி, எல்லைக்கொடி தாண்டித்தான் நின்றன. "அண்ணை, முதலாவது நாங்கள்தான்!" என்று ஏரம்பு பழக்கதோசத்தில் கத்தினான். திருப்பி, குண்டு குழியெல்லாம் துள்ளவைத்து, ஆசுபத்திரி வாசலில் இறக்கியபோது தலைவர் எழுந்து நின்றார். வலியைக் காணவில்லை. சோதித்த டொக்டர், கல் இறங்கிப் போய்விட்டது என்றார். குலுக்கின குலுக்கலில் இறங்கியிருக்குமோ என்று ஏரம்பு கேட்டான். டொக்டர் சிரித்தார். ஊருக்கு அது போதாதா?

"பாத்தியளோ," என்றார் அரியநாயகம், அன்று மாலை ஊர் முழுக்க. "அந்தக் காலத்திலை யாப்பு எழுதினவை மடையர் இல்லை!"

மறுநாளே இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏரம்புவின் படலையில் நின்றார்கள்.

ஆனி வந்தது, பொதுக்கூட்டமும் வந்தது. கோபிகா பிள்ளையோடு முன்வரிசையில் இருந்தாள். நிலாந்தி எழுந்தாள். திருத்தம் கொண்டுவருவாள் என்று எல்லாரும் பார்த்திருக்க, அவள் அதே யாப்பைத் திறந்தாள்.

"ஒன்பதாம் விதி. 'தலைவர் தொடர்ந்து மூன்று மாதம் ஊரில் இல்லாதவிடத்து அவர் பதவி தானாகவே வெறிதாகும்.' தலைவர் ஐயா ஹூஸ்ரனிலை ஐஞ்சு மாதம் நிண்டவர். அப்ப தையிலை ஓட்டோவுக்குத் தீர்ப்புச் சொன்னது ஆர்?"

அரியநாயகத்தாருக்குக் காது சிவந்தது. முப்பது வருடம் அடுத்தவரின் முத்திரையைப் பார்த்த மனுசன், தன்னுடைய கடிதம் திரும்பிவந்ததை அன்றுதான் பார்த்தார்.

"பிள்ளை, ஊர் எண்டதை அப்பிடிச் சுருக்கிப் பாக்கக்கூடாது. இப்ப காலம் மாறிப்போச்சு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான் வட்ஸப்பிலை வந்தனான். உடம்புதான் ஹூஸ்ரனிலை, ஆள் ஊரிலைதான் இருந்தனான்."

சொல்லி முடிக்கும்போதே தன் குரல் அவருக்குக் கேட்டிருக்கவேண்டும்.

பின்வரிசையில் யோகம்மா எழுந்தா. ஐந்து மாதம் பேரப்பிள்ளையையும், அதற்குப்பிறகு அமெரிக்காவையும் சுமந்தவ. "ஊரை ஹூஸ்ரன் வரைக்கும் நீட்டலாமெண்டால், வண்டிலுக்கு இன்னொரு சில்லுப் பூட்டேலாதோ?"

சிரிப்பில் கோபிகாவின் பிள்ளை திடுக்கிட்டு அழுதது. வண்டில் என்றால் ஓட்டோவும்தான் என்று கைகள் உயர்ந்தன, எதிர்ப்பு ஒன்று. ஓட்டோ அன்றே வெளியே வந்தது. தலைவரைப் பதவியிலிருந்து யாரும் இறக்கவில்லை. வேறு யாருக்கு அந்த வேலைக்கு நேரமிருக்கிறது? அவர் மட்டும் வீட்டுக்குப் போய், நாலு தாளில் மாறுபட்ட தீர்ப்பு எழுதி, விளம்பரப் பலகையில் ஒட்டினார். மூன்று தாளை ஆடு தின்றது. நாலாவதில் இப்படி இருந்தது: 'எனினும், நிலாந்தியின் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.'

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் பக்கத்து வளவுக்காரன் வேலியை ஒரு முழம் இந்தப்பக்கம் தள்ளினால், அப்பப்பா காலத்துக் காணி உறுதியை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக வாசிப்பீர்கள், இல்லையா? அதே வேலியை நீங்கள் தள்ளினபோது என்ன சொன்னீர்கள்? "உறுதி கிடக்கட்டும், ஆண்டு அனுபவிச்ச உரிமை எண்டு ஒண்டு இருக்கெல்லோ."

வாருங்கள், நீதியரசரே. கதிரை காலியாகத்தான் இருக்கிறது.