மூடி காத்த மூத்த மருமகள்

வாழ்க, கரண்டி ஏந்திய கையினாள்! வாழ்க, நெற்றி வியர்வையையே முத்தாரமாகவும் தோளில் கிடந்த கைத்துண்டையே கவசமாகவும் பூண்டு, வீடு கொள்ளாமல் வந்திறங்கிய சொந்தபந்தம் அத்தனைக்கும் தன்னந்தனியாகச் சோறும் கறியும் ஆக்கி இறக்கிய மூத்த மருமகள்!

ஆயினும் அவளுடைய பெரும்போர் சோற்றுக்காக அன்று, ஒரு கேக்குக்காக. அடுப்பின் மேல் அடிகனத்த பாத்திரம் கோட்டையென வீற்றிருந்தது. அதனுள்ளே மாவும் முட்டையும் வெண்ணெயும் சர்க்கரையும் பகை மறந்து ஒன்றாகி, மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருந்தன. வேகுமுன் மூடியைத் திறந்தால் சூடு போகும், எழும்பியது அமுங்கும், நடுவில் குழி விழும்.

போன வருடம் அப்படித்தான் விழுந்தது. திறந்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. "அண்ணிக்கு எல்லாம் வரும், கேக் மட்டும் வராது" என்ற தீர்ப்பு மட்டும் தட்டுக்குத் தட்டு பரிமாறப்பட்டது. பாத்திரம் துலக்கும்போதெல்லாம் அந்தச் சொல் முள்ளாய் அவள் நெஞ்சில் நெருடும். இன்று அதைப் பிடுங்கி எறிய வேண்டும்.

அவள் வாழ்க்கைப்பட்டதோ மூடி திறக்கும் குலம்! அடுப்பில் எது இருந்தாலும் திறந்து, முகர்ந்து, "ம்" என்று சொல்லிவிட்டு நகர்வதே அக்குலத்தார் சமையற்காரிக்குச் செய்யும் மரியாதை.

முதலில் புயலென நுழைந்தாள் நாத்தனார்.

"வாசனை ஆளைத் தூக்குது அண்ணி! ஒரே ஒரு தடவை எட்டிப் பாத்துக்கிறேன்."

"கைய வச்சே, கரண்டி பேசும்!"

துதிக்கையில் சூடு பட்ட யானையெனத் திரும்பி ஓடினாள் நாத்தனார். அடுத்து வந்தான் கொழுந்தன். "உள்ள என்ன, தங்கமா வேகுது?" என்று நக்கல் அம்பு எய்தான். "ஆமா. நீங்க போய் நாற்காலிய எடுத்துப் போடுங்க" என்ற எதிர்க்கணையில் புறமுதுகிட்டான்.

இறுதியில், கூடம் வழிவிட, பிடிதுணியைக் கொடியெனப் பற்றி வந்தார் மாமியார். படைகளே ஒதுங்கும் நடை.

"அடி பிடிக்கப் போகுதும்மா. தள்ளு, பாக்கிறேன்."

"பிடிச்சா பிடிக்கட்டும் அத்தை. இன்னைக்கு இந்த மூடிய யாரும் தொடக் கூடாது."

மணமாகி வந்த நாள் முதல் அவள் மாமியாருக்கு இட்ட முதல் ஆணை அது. மாமியார் துணியை மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வெற்றி! திசையெட்டும் அமைதி! வென்றவள் தனித்து நின்றாள். அந்தத் தனிமையில்தான், எந்தக் காவலுக்கும் அடங்காத பகைவன் அவளுக்குள்ளிருந்தே கிளம்பினான். அடி பிடித்திருக்குமோ? எழும்பியிருக்குமா? அத்தனை பேரையும் எதிர்த்துப் பேசிவிட்டு, உள்ளே ஒன்றுமில்லாமல் போனால்? ஒரு நூலிழை விலக்கினால் என்ன ஆகிவிடும்?

வீரக்கரம் உயர்ந்தது. மூடி விலகியது. ஒரு கணம், ஒரே கணம், பொன்மலையொன்று ஆவி சூழ நிமிர்ந்து நின்றது. மறுகணம் பெருமூச்சுவிட்டு நடுவில் அமிழ்ந்தது. பழி சுமத்த ஒருவரேனும் அகப்படுவாரா என்று வாசலை நோக்கினாள். அந்தோ, அனைவரையும் அவளே விரட்டியிருந்தாள்.

நடுப்பகுதியை ஒதுக்கிவிட்டு, வெந்த ஓரத்தை மட்டும் வெட்டி எல்லோருக்கும் கொடுத்தாள்.