நான்கு விரல் இடத்துக்கு நடந்த போர்

வாழ்க, குமிழ் திருப்பும் கொற்றவன்! வாழ்க, செங்கேபிளும் கருங்கேபிளும் மஞ்சட்கேபிளும் மாலையெனக் கழுத்தில் தவழ, ஹெட்போனை மணிமுடியெனத் தரித்து, சுழல்நாற்காலியாம் அரியணையில் வீற்றிருந்து, ஒரு குமிழை வலப்புறம் திருப்பி "ஆகா" என்றும், அதே குமிழை இடப்புறம் திருப்பி மறுபடியும் "ஆகா" என்றும் மொழிந்து, விடுமுறை நாளெல்லாம் வெற்றிமேல் வெற்றி கண்டும் ஒரே ஒரு பாட்டைக்கூட முடித்தறியாத ஒலிவேந்தன்! அவன் பெரும்போரைப் பாடத் துணிந்தோம். சுவருக்குள் மறைந்துறையும் மின்னன்னையே, மூன்று துளைப் பிளக்பாயின்ட்டின் வழியே வீடுதோறும் எழுந்தருள்பவளே, எம் நாவில் வந்து அமர்வாயாக. வேண்டாம், நாவில் அமர வேண்டாம். சற்றுத் தள்ளி நின்று அருளினால் போதும்.

நம் நாயகர் தொழிலால் கண் பரிசோதகர். கடைத்தெருவின் மூக்குக்கண்ணாடிக் கடையில், சன்னலில்லாத உள்ளறையில், வருவோர் கண்முன் வில்லைகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று பகலெல்லாம் வினவி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பேரறிவை ஊராருக்கெல்லாம் ஊட்டியவர், தமக்கென்று வரும்போது மட்டும் இரண்டையும் வாங்கிக்கொண்டு வருகிறவர்.

அவ்வாறு வந்து குவிந்த படைக்கலமெல்லாம் வீட்டின் பின்னறையில் இருந்தது. மாடுலர் சிந்தசைசர் என்று உலகத்தார் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சுவரை அடைத்து நிற்கும் மரச்சட்டப் பெட்டி. அதனுள் வரிசை வரிசையாகத் தகட்டுப் பலகைகள். பலகைதோறும் குமிழ்கள், துளைகள், மினுக்கும் விளக்குகள். ஒரு பலகை ஒலியைப் பிறப்பிக்கும். ஒன்று அதன் கூர்மையை மழுக்கும். ஒன்று தாளம் தட்டும். இன்னொன்று என்ன செய்கிறது என்று நாயகருக்கே தெரியாது, ஆனால் அதில் பச்சை விளக்கு அழகாக எரியும். இவற்றையெல்லாம் துளைக்குத் துளை கேபிள் போட்டு இணைத்தால் இசை பிறக்கும். ஆனால் இப்பெரும் படைக்கு ஒரு சாபம் உண்டு. அதற்கு ஞாபகம் என்பதே கிடையாது. குமிழும் கேபிளும் இருந்தது இருந்தபடி இருக்கும்வரைதான் இசை உயிரோடு இருக்கும். பிடுங்கினால் போயிற்று, உடனே பதிவு செய்தால்தான் உண்டு.

இன்னொரு குறையும் இருந்தது. பெட்டியின் நடுவரிசையில், வலது ஓரத்தில், நான்கு விரல் அகலத்துக்கு ஒரு காலியிடம். வந்து பார்த்தவர் யாருக்கும் அது கண்ணில் பட்டதில்லை. நாயகருக்கோ, முன்பல் விழுந்த இடத்தை நாக்கு தேடிப் போவதுபோல் பார்வை அங்கேயேதான் போய் நிற்கும். சாப்பிடும்போது அந்த இருட்டு அவரைக் கூப்பிட்டது. குளிக்கும்போது கூப்பிட்டது. கண்ணாடிக் கடையில் ஒருவர் கடைசி வரி எழுத்துகளைத் தட்டுத் தடுமாறிப் படித்துக்கொண்டிருந்தபோதும், அப்பனே என்னை நிரப்பு என்று அது கூப்பிட்டது.

இனி, கதையின் மறுகரையில் நிற்கும் மாதரசியைச் சொல்வோம். நாயகரின் மனைவியார் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். முட்டி மாற்று அறுவை செய்துகொண்ட பெரியவர்களை வராந்தாவில் வரிசையாக நிறுத்தி, "ஒண்ணு, ரெண்டு... ஒண்ணு, ரெண்டு..." என்று எண்ணி எண்ணி, விழுந்தவரை எழுப்பி, எழுந்தவரை நடத்தி, நடந்தவரை வீட்டுக்கு அனுப்பும் திருத்தொண்டு அவருடையது. எண்ணி எண்ணித் தொண்டை கட்டிப்போய், ஒருநாள் கணவரிடம் அவர் கேட்டது சின்ன உதவிதான்: பெரியவர்கள் அடியெடுத்து வைக்கத் தோதாக, வேகமில்லாத, நிதானமான ஒரு பாட்டு. அவ்வளவு கருவி வைத்திருக்கிற மனிதருக்கு அது எம்மாத்திரம்! "இதோ" என்றார் நாயகர். அந்த இதோவுக்குப் பிறகு பாட்டு வரவில்லை, பலகைகள் வந்தன. நடைப்பாட்டுக்கென்றே ஒன்று வந்தது. அதற்குத் துணையாக ஒன்று வந்தது. துணைக்குத் துணையாக வந்ததை வைப்பதற்காகப் பெட்டியே பெரிதாகி வந்தது. அம்மையாரின் தொண்டை மட்டும் கட்டியபடியே இருந்தது.

ஆகவே ஒரு நாள், சோற்றுத் தட்டைச் சாட்சியாக வைத்து, நாயகர் எழுந்து நின்று சூளுரைத்தார்.

"ஒரு பாட்ட முழுசா முடிக்கிற வரைக்கும் புதுசா ஒரு பெட்டி இந்த வாசல் தாண்டி உள்ள வராது. வந்தா, அந்த ரூமே உனக்கு. உன் பயிற்சிக் கட்டிலப் போட்டுக்கோ."

அண்டம் அதிர்ந்ததா என்று தெரியவில்லை. அம்மையார் தலையசைத்தார். மறுநாள் அளவு நாடாவுடன் வந்து, கட்டில் அந்த அறையில் எந்தச் சுவரோரம் பொருந்தும் என்று பார்த்துவிட்டும் போனார்.

அந்த நாடாவைக் கண்ட பயமோ, உண்மையிலேயே உள்ளம் கனிந்ததோ, அடுத்த விடுமுறைக் காலையில் அதிசயம் நிகழ்ந்தது. நாயகர் ஏதோ ஒரு கேபிளை ஏதோ ஒரு துளையில் செருக, அடியிலிருந்து ஒரு கனத்த சுரம் காலடிபோல் எழுந்து நடந்தது. அதன் பக்கத்தில் ஒரு மெல்லிய சுரம் கைத்தடிபோல் ஊன்றி ஊன்றி வந்தது. அவற்றின் மேல் ஒரு சின்ன மெட்டு, வலி குறைந்தவர் மெல்லச் சிரிப்பதுபோல், வந்தும் வராமலும் சுற்றிச் சுற்றி வந்தது. நாயகர் கையை எடுத்துவிட்டார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். எத்தனையோ ஆண்டுகளாக அவர் தேடியது இதைத்தான். கண் கலங்கியதை நாம் மறைக்கப்போவதில்லை.

இனி மீதமிருந்தது பதிவு செய்வது ஒன்றே. பதிவுக் கருவியை எடுத்தார். அதைப் பெட்டியோடு இணைக்கும் கேபிளைத் தேடினார். அலமாரியிலும் கட்டிலடியிலும் அட்டைப் பெட்டிகளிலும் கேபிள்கள் பாம்புப் புற்றாய்ப் புரண்டன. குட்டை, நெட்டை, சுருள், முறுக்கு என எல்லாம் இருந்தன. பதிவுக் கருவிக்குள் நுழையும் தலையுடைய கேபிள் மட்டும் அந்தச் சேனையில் ஒன்றுகூட இல்லை.

"நான் போய் கேபிள் வாங்கிட்டு வந்துடறேன். அந்த ரூம் பக்கம் போகாத, எதையும் தொடாத, எதையும் அணைக்காத. அது அப்படியே ஓடிட்டிருக்கட்டும்," என்று மனைவிக்கு ஆணையிட்டு, ஸ்பீக்கரில் பாட்டு பாடியபடி இருக்க, செருப்பை மாட்டிக்கொண்டு படையெடுத்தார் நாயகர்.

இசைக்கருவிக் கடையின் கண்ணாடிக் கதவருகே நின்று, தமக்குத்தாமே முழங்கினார்: "கேபிள் ஒன்றே என் இலக்கு! கேபிளன்றிப் பிறிதொன்றை நோக்கேன், நோக்கினும் தீண்டேன், தீண்டினும் திருப்பேன்!" இந்த மூன்று உறுதிகளும் அதே வரிசையில் உடைந்தன என்பதைச் சொல்ல எமக்கே வருத்தமாக இருக்கிறது.

கடைக்காரர் விற்கத் தெரியாதவர்போல் விற்கும் வித்தகர். அவர் எதையும் வாங்கச் சொன்னதில்லை. மேசைமேல் அன்று வந்திறங்கிய பலகை ஒன்று கிடந்தது. எதிரொலிப் பலகை, வெள்ளித் தகடு, நீல விளக்கு, அகலம், ஐயகோ, சரியாக நான்கு விரல். கடைக்காரர் நாயகரைப் பார்க்காமலே அதன் குமிழை மெல்லத் திருப்பினார். மலைக்குகைக்குள் மழை பெய்ததுபோல் ஒலி விரிந்து கடையை நிறைத்தது.

"சும்மா கேட்டுட்டுப் போங்க சார். வாங்கணும்னு இல்ல."

இந்த அம்புக்குத் தப்பியவர் இந்தத் தெருவில் எவருமில்லை. மூண்டது போர். நாயகரின் நெஞ்சமாம் களத்தில், ஒருபுறம் சூளுரை என்னும் கோட்டை, சோற்றுத் தட்டு சாட்சியாக எழுப்பப்பட்டு, அளவு நாடாவால் சுற்றுமதில் கட்டப்பட்டு நின்றது. மறுபுறம் ஆசையின் படைகள் அணியணியாய்த் திரண்டன. முதலில் வந்தது, "இது இருந்தால் அந்தப் பாட்டு இன்னும் நன்றாயிருக்கும்" என்னும் காலாட்படை; கோட்டை தாங்கிற்று. அடுத்து, "முட்டி வலிக்கிற பெரியவர்களுக்கு எதிரொலி கேட்டால் ஆறுதலாக இருக்கும்" என்னும் குதிரைப்படை, மருத்துவக் கொடி பிடித்து வந்தது. கோட்டை ஆடிற்று, ஆனால் நின்றது. "இன்று விட்டால் இன்னொருவன் கொண்டுபோய்விடுவான்" என்னும் யானைப்படை பிளிறி வந்து மோத, ஒரு மதில் சரிந்தது. அப்போதும் நாயகர் வாளை விடவில்லை. வியர்த்து, கண்ணை மூடி, மனைவியின் கட்டிய தொண்டையை நினைத்து நின்றார். உண்மையாகவே நினைத்தார்; அவர் கெட்டவர் அல்லர். அந்நேரத்தில்தான், எல்லாப் படைக்கும் பின்னால் ஒல்லியாக, வக்கீல் போல் ஒரு சின்ன எண்ணம் வந்து கோட்டை வாசலில் தொண்டையைக் கனைத்தது. "ஐயா, தாங்கள் சத்தியம் செய்தது பெட்டி வராது என்றுதானே? இது பெட்டியல்லவே. பெட்டிக்குள் வைக்கும் பலகை."

கோட்டைக் கதவு உள்ளிருந்தே திறந்தது.

தொட்டு, குமிழைத் திருப்பி, விலையும் கொடுத்து வாங்கிய பலகையை மார்போடு அணைத்தபடி, வீதி விளங்க, வாகனங்கள் வழிவிட, காற்றில் நடப்பவர்போல் நடந்து, நாயகர் வீட்டு வாசலை அடைந்த பிறகுதான் அது சட்டைக்குள் போயிற்று. இரு கையாலும் அதைத் தாங்கவேண்டியிருந்ததால் முழங்கையால் காலிங்பெல்லை அழுத்தினார். கதவைத் திறந்த அம்மையார் கையில் செல்போனுடன், மலர்ந்த முகத்தோடு, ஏதோ சொல்ல வாயெடுத்தார். கணவரின் வயிறு சதுரமாக இருப்பதைப் பார்த்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

"ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்," என்று அவரைத் தாண்டி அறைக்குள் பாய்ந்த நாயகர், பாட்டு ஓடிக்கொண்டேயிருக்க, பலகையை அந்த நான்கு விரல் இருட்டருகே பிடித்துப் பார்த்தார். பொருந்தியது. பொருந்தும் என்று தெரிந்த பிறகு எந்த மனிதக் கை சும்மா இருக்கும்? பலகையைப் பூட்ட வேண்டுமானால் மின்சாரத்தை நிறுத்தவேண்டும். பின்னால் கை விட வேண்டுமானால் முன்னால் தொங்கும் கேபிள்களை விலக்கவேண்டும். நிறுத்தினார். விலக்கினார். விலக்கியதில் சில கழன்றன. கழன்றவை இடைஞ்சலாக இருந்ததால் மீதியையும் தாமே கழற்றினார். திருகாணி முடுக்கினார். நீல விளக்கு எரிந்தது. பல்வரிசை நிறைந்தது. பெட்டி எவ்வளவு அழகாக இருந்தது என்று சொல்லி முடியாது.

அதன் பிறகுதான் வீடு அமைதியாக இருப்பது அவருக்குக் கேட்டது.

அந்தோ! செருகினார், பிடுங்கினார், திருப்பினார், திரும்பவும் திருப்பினார். காலடி சுரம் வரவில்லை. கைத்தடி வரவில்லை. அந்தச் சிரிப்பு வரவேயில்லை. வந்ததெல்லாம், தலைவனை இழந்த படை திசையறியாது ஓடும்போது எழுப்பும் ஓலம், அதுவும் நல்ல எதிரொலியோடு. தாம் வாங்கப் போனது கேபிள் என்பதும், அதை வாங்கவில்லை என்பதும் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒலிவேந்தர் அரியணையில் சரிந்தார். அப்படி ஒரு மெட்டு மறுபடி வாய்க்காது என்று அவருக்குத் தெரியும்.

அம்மையார் வாசலில் வந்து நின்றார். நிறைந்துவிட்ட காலியிடத்தைப் பார்த்தார். நாயகர் எழுந்து, முடிதுறக்கும் மன்னர்போல் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பாட்டு போச்சு. ரூம எடுத்துக்கோ."

அம்மையார் உள்ளே வந்தார். கையிலிருந்த செல்போனை அழுத்தினார். அதிலிருந்து, சற்றுத் தகரச் சத்தமாக, காலடி எழுந்து நடந்தது, கைத்தடி ஊன்றியது, மெட்டு சிரித்தது. நடுவில் குழாயில் தண்ணீர் விழும் ஓசை. கூடத்தில் அதன் அடிக்கு அம்மையாரே மெல்ல நடந்துபார்க்கும் ஓசை. கட்டிய தொண்டையில் "ஒண்ணு, ரெண்டு" என்று தொடங்கிய அம்மையாரின் குரல், எண்ணத் தேவையில்லை என்று தெரிந்ததும் நின்றுபோனது. கடைசியில் டிங்டாங் என்று காலிங்பெல் அடித்துப் பதிவு முடிந்தது.

"நல்லாருந்துச்சு. அதான் போன்ல புடிச்சு வச்சேன். கதவத் திறந்ததும் அதத்தான் சொல்ல வந்தேன்," என்றார் அம்மையார். பிறகு, தீர்ப்பு வழங்கும் குரலில்: "கடைசில பெல் கேட்டுதுல்ல? அது நீங்க. அதுக்குள்ள பாட்டு முடிஞ்சிருச்சு, அப்பறம்தான் பெட்டி உள்ள வந்துருக்கு. அதனால ரூம் உங்களுக்கே. சட்டைக்குள்ள ஒளிச்சது மட்டும் நல்லால்ல."

பெட்டியல்ல, பலகை என்று வாதாட வாய் வரை வந்த சொல்லை நாயகர் விழுங்கினார். அவர் வாழ்நாளில் வென்ற போர் அது ஒன்றுதான் என்று நாம் கருதுகிறோம்.

இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பாட்டு ஒலிக்கிறது. அதன் அடிக்கு அடிவைத்து, கைத்தடிகளே வேல்களாக, பச்சைத் துணி அங்கிகளே கவசங்களாக, முட்டி மாற்றிய பெரும்படை அணிவகுத்து நடக்கிறது. காலிங்பெல் ஒலித்ததும் படை முழுவதும் ஒருசேரத் திரும்புகிறது. ஒருநாள் அதைப் பார்க்க வந்த நாயகர், நெஞ்சு விம்ம, தண்ணீரும் மணியும் இல்லாமல் தூய எதிரொலியோடு புதிதாகப் பதிந்து தருவதாகப் படைமுன் அறிவித்தார். முன்வரிசையில் நின்ற, எல்லோரும் 'கேப்டன் அத்தை' என்று அழைக்கும் அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பெல்லு இல்லாட்டி எங்க திரும்பறதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும் தம்பி?" என்று கேட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார். பாட்டு முடித்த பெருமான், படை நடத்திய பெருமான், பலகை நிறைத்த பெருமான் புகழ் திசையெட்டும் ஓங்குக, குமிழுள்ளளவும் நிலைக்குக!

கேபிளை அவர் இன்னும் வாங்கவில்லை.