பதினாறு அங்குலக் குழல்

பெட்டிக்குள் பொருள் அடங்காவிட்டால் பெட்டியை மாற்றுவதுதான் புத்தியுள்ளவர்கள் வழக்கம். நான் பொருளைக் குட்டையாக்கப் போனவன். இதை நானே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. எங்கள் வீட்டுக்கு ஒருநாள் சாப்பிட வந்தீர்களென்றால் எப்படியும் யாராவது சொல்லிவிடுவார்கள்.

2011ஆம் ஆண்டு. நாங்கள் கங்காரு நாட்டுக்குக் குடிபெயர்ந்து, கிரான்பர்னில் புதுவீடு வாங்கியிருந்த நேரம். என் மனைவி ரிஸானாவின் வாப்பா, அதாவது என் மாமா, அக்கரைப்பற்றிலிருந்து மூன்று மாத விசாவில் வருவதாக இருந்தது. மாமாவுக்கு என்னைப் பற்றி ஒரு அபிப்பிராயம் உண்டு: கம்ப்யூட்டர் தட்டத் தெரியும், வேறொன்றும் தெரியாது. (சரியான அபிப்பிராயம்தான். ஆனால் மருமகன்கள் அதை ஏற்றுக்கொள்ள முடியுமா?) அவர் வாலிபத்தில் மரை (கடமான்) வேட்டைக்குப் போனவர். இறைச்சி என்றால் மரை, மற்றதெல்லாம் மரக்கறி என்பது அவர் கட்சி.

ஒருநாள் தொலைபேசியில் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்: "மாமா, இஞ்சயும் மரை இரிக்கி. அந்தக் காலத்துல எங்கட நாட்டுல இருந்து கப்பல்ல கொண்டு வந்து விட்டது." (அவற்றை யாரும் எங்களைப் போல ஐஈஎல்ட்ஸ் ஆங்கிலப் பரீட்சை எழுதச் சொல்லவில்லை.) "ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உங்களுக்கு மரைப் புரியாணி. நானே சுடுறன்."

"நீங்களா?" என்றார் மாமா. அந்தக் கேள்விக்குறிதான் என்னைக் கெடுத்தது. ரிஸானா முப்பது பேருக்கு மரைப் புரியாணி என்றே அழைப்புச் சொல்லிவிட்டாள். இனிப் பின்வாங்க முடியாது.

துப்பாக்கி லைசென்ஸ் எடுத்தேன். துவக்கு வைக்க இரும்புப் பெட்டி வேண்டும் என்பது சட்டம். அது விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாது என்பது ரிஸானாவின் சட்டம். ஆகவே அலுமாரிக்குள், அவளுடைய சீலைத் தட்டுக்குக் கீழே அடங்குமாறு ஒரு பெட்டி வாங்கி, இரண்டு ட்ரில்களைப் பலிகொடுத்துச் சுவரோடு போல்ட் அடித்தேன். அதன் பிறகுதான் துவக்கு வாங்கப் போனேன்.

கடைக்காரர் கிளென், துவக்குத் திருத்துகிறவரும் அவரே. நான் ஆசைப்பட்ட பழைய துவக்கை அளந்தார். என் பெட்டியின் அளவைக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு அங்குலம் நீளம், மேட். வேற பெட்டி வாங்கு."

"பெட்டியை இனிக் கழற்ற ஏலாது."

"அப்ப குழல்ல ரெண்டு அங்குலம் வெட்டித் தாறன். ரெண்டு நாள் வேலை."

இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் வெட்டின சாமானோடு மாமா முன்னால் நிற்பதா? புதுக் குழலே போடுவது என்று முடிவெடுத்தேன். எந்த நீளம்? இருபத்திரண்டா, இருபதா, பதினெட்டா? மூன்று வாரம் இணையத்தில் முகம் தெரியாதவர்கள் அடித்துக்கொண்டதையெல்லாம் வாசித்தேன். ஒருவன் சொன்னதை அடுத்தவன் மடத்தனம் என்றான். மூன்றாமவன் இரண்டு பேரையும் மடையர்கள் என்றான். எனக்கு மூன்று பேருமே சரியாகப் பட்டார்கள்.

"கலியாணத்துக்கு முந்தி என்னப் பத்தி இவ்வளவு விசாரிச்சீங்களா?" என்று கேட்டாள் ரிஸானா.

கடைசியில், குறைப்பதுதான் குறைக்கிறோம், தாராளமாகக் குறைப்போம் என்று பதினாறு அங்குலத்தில் போய் நின்றேன். தேவைப்பட்டது இரண்டு அங்குலம், குறைத்தது எட்டு. "சத்தம் கூடும்," என்றார் கிளென். "வாயில நெருப்பும் தெரியும். நல்லா யோசி." யோசித்தே மூன்று வாரம் போய்விட்டதே, இனி என்னத்தை யோசிக்க!

குழல் வந்து, பூட்டி, கைக்குக் கிடைத்தபோது பெருநாளுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. மாமாவும் வந்து இறங்கிவிட்டார். குறி சரிபார்க்கச் சுடுதளத்துக்குப் போனேன். முதல் வெடிக்குப் பக்கத்து மேசைக்காரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவதற்கு எழுந்து தூரப் போனார். நாலாவதற்கு அந்த வரிசையிலேயே நான் மட்டும்தான். வெட்கத்தில் குறியை அரைகுறையாக விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். குண்டு ஒரு சாண் வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. (மரை பெரிய மிருகம், ஒரு சாணெல்லாம் ஒரு கணக்கா என்று நினைத்தேன்.)

சனிக்கிழமை விடியப் புறப்பட்டு, மாமாவும் நானும் கிழக்கே மலைக்காட்டுக்குப் போனோம். மூன்று மணித்தியாலம் ஏறி இறங்கினோம். எனக்கு மூச்சு வாங்கியது. எழுபது வயது மாமா எனக்காக இரண்டு இடத்தில் நின்றார்.

காதடைப்பானை நீட்டினேன். தள்ளிவிட்டார். "எனக்கு வாணாம். நீங்க பிஸ்மி சொல்றது என்ட காதுல விழணும். நாளைக்கு முப்பது பேர் ஹலாலா எண்டு கேட்டா நான்தானே சாட்சி?" இறைவன் பெயர் சொல்லிச் சுட்டால்தான் வேட்டை இறைச்சி ஹலால்.

அப்போதுதான் ஓடைக்கு அப்பால் வந்து நின்றது. கொம்பும் பிடரியுமாக, அசல் மரை. அறுபது மீற்றர் இருக்கும். துவக்கைத் தூக்கி, "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்று முணுமுணுத்தேன்.

"கேக்கல்ல மகன்," என்றார் பின்னாலிருந்து மாமா.

கொஞ்சம் உரத்துச் சொன்னேன். மரை தலையைத் தூக்கியது.

"நடுவுல விழுங்குறீங்க. ஒழுங்காச் சொல்லுங்க!"

எரிச்சலில் தொண்டை கிழியச் சொன்னேன். மரை நேராக என்னைப் பார்த்தது. விசையை அழுத்தினேன்.

உலகம் வெடித்தது. குழல் வாயில் ஒரு முழத்துக்கு நெருப்பு. கண் தெரிய வந்தபோது ஓடைக்கு அப்பால் காற்றுத்தான் நின்றது. மரை நின்ற இடத்துக்கு வலப்பக்கமாக ஒரு மரத்தில் பட்டை உரிந்திருந்தது. இரத்தம் ஏதும் இருக்கிறதா என்று ஒரு மணித்தியாலம் தேடினேன். ஒரு சொட்டுக்கூட இல்லை. மாமா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பன்னச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஏதோ கத்தினார். "மாமா, சுகமா?" என்றேன். "என்ன?" என்றார். வீடு வரும் வரை அந்த ஒரு சொல்தான்.

அடுத்த நாள் விருந்துக்குக் கடையில் வாங்கிய கோழியைத்தான் ரிஸானா சமைத்தாள். வந்தவர்களிடம் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் காது அடைத்தவர்கள் தங்கள் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அறியமாட்டார்கள். மாமா முழுக் கதையையும் தெருமுனை வரை கேட்கும்படி சொன்னார். மருமகனுக்கு மூச்சு வாங்கியதிலிருந்து மரம் சுட்டது வரை ஒன்றையும் விடவில்லை.

மாமாவின் காது திங்கட்கிழமையே சரியாகிவிட்டது. என் மானம்தான் இன்னும் திரும்பவில்லை. இப்போதும் எங்கள் சாப்பாட்டு மேசையில் புதிதாக வந்த யாராவது தயங்கி, "இறைச்சி ஹலால்தானே?" என்று கேட்டால், பதில் சொல்ல என் பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள். அன்று முப்பது பேர் நடுவே கோழிக்காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாமா கத்திய அதே வசனம்:

"இந்தக் கோழிய எனக்குத் தெரியா. ஆனா அந்த மரை நூத்துக்கு நூறு ஹலால்! மூணு தரம் பிஸ்மி சொன்னது, நான் சாட்சி. போய்ப் பிடிச்சிட்டு வந்து சாப்பிடுங்க!"