எர்த்து அண்ணாச்சி பார்த்த லேப்டாப்

எர்த்து அண்ணாச்சி கைபட்டு உருப்பட்ட சாமான் ஒன்றை அருப்புக்கோட்டை வட்டாரத்தில் யாராவது காட்டட்டும். நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு ரிப்பேர் கடை. ரேடியோ, மிக்ஸி, மோட்டார் என்று எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். எது பழுதானாலும் அவர் பழி போடுவது, மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பிமேல்தான்: "எர்த்து சரியில்ல." பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். பந்தல்குடி டீக்கடைக்காரர் ஒருவர் கலர் டிவியைக் கொடுத்தார். கறுப்பு வெள்ளையாகத் திரும்பி வந்தது. கேட்டதற்கு, "கண்ணுக்குக் குளுமையா இருக்கும்ல?" என்றார். ஒரு ஓட்டு வீட்டில் அவர் மாட்டிய மின்விசிறி காற்றை மேலே அனுப்பியது. "ஓட்டுக்கும் வேக்காடு இருக்கும்ல தாயி" என்று அந்த வீட்டம்மாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

இப்பேர்ப்பட்டவரைத்தான் எங்கள் முதலாளி லேப்டாப்பைப் பார்க்கக் கூப்பிட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஒரு விசைத்தறிக் கூடத்தில் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். லேப்டாப், முதலாளியின் மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. முதலாளி அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, மேஜைமேல் சிவப்பு வெல்வெட் மெத்தை போட்டு, பிறந்த பிள்ளையைக் கிடத்துவதுபோல் கிடத்தியிருந்தார்.

கோடை வந்ததும் அது தானாக அணைய ஆரம்பித்தது. பாதி முந்தானை வரைந்திருப்பேன், பொசுக்கென்று திரை கறுத்துவிடும். கொஞ்சம் ஆறவிட்டுப் போட்டால் உயிர் வரும், மறுபடி அணையும். மதுரை ஜவுளிக்கடை ஒன்று வெள்ளிக்கிழமைக்குள் டிசைன் கேட்டிருந்தது. முதலாளி லேப்டாப்பைச் சந்தேகப்படவில்லை, என்னைச் சந்தேகப்பட்டார்.

"நீ என்னத்தையோ அமுக்குற. முடியலேன்னா சொல்லு, வேற ஆளப் பாத்துக்கிறேன்."

வீட்டில் நான் ஒருவன்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலையில் எர்த்து அண்ணாச்சி வந்தார். லேப்டாப்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. டெஸ்டரைச் சுவரில் குத்தினார், கதவில் குத்தினார், முதலாளி உட்கார்ந்திருக்கும்போதே அவருடைய இரும்பு நாற்காலியில் குத்தினார். பிறகு தலையை ஆட்டி, "எர்த்து செத்துப்போச்சு" என்று தீர்ப்புச் சொன்னார்.

கூடத்துக்குப் பின்னால் குழி தோண்டினார். இரும்புக் குழாயை இறக்கி, அடுப்புக்கரியும் உப்பும் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். தறி ஓட்டும் பெண்கள் கொதித்துவிட்டார்கள்.

"குடிக்கத் தண்ணிக்கு நாங்க லாரி பின்னால ஓடுறோம். இந்தாளு குழிக்கு ஊத்துறாரே!"

"அது குடிச்சாத்தான் கம்பூட்டரு முழிக்கும் தாயி."

குழி குடித்தது. கம்ப்யூட்டர் அணைந்தது. உடனே பழி தறிகள்மேல் போனது. "தறி அதிருதுல்ல, அதுல எர்த்து கலங்குது. எல்லாத்தையும் நிறுத்துங்க." நிறுத்தினார்கள். கூடமே ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. சாகக் கிடக்கிறவரைச் சுற்றி நிற்பதுபோல் எல்லோரும் லேப்டாப்பைச் சுற்றி நின்றோம். பொசுக்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "போதும்ப்பா. நீ நாளைலருந்து வர வேணாம்."

அண்ணாச்சி இதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "குழியில குனிஞ்சு இடுப்பு கழண்டுபோச்சு மொதலாளி" என்று முனகியபடி, லேப்டாப்புக்கு அடியிலிருந்த மெத்தையை உருவித் தரையில் போட்டு உட்கார்ந்துகொண்டார். லேப்டாப் வெறும் பலகையில் இருந்தது. கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்ப்போம் என்று போட்டேன்.

உயிர் வந்தது. டீ வந்தது, அணையவில்லை. வெயில் இறங்கியது, அணையவில்லை. முந்தானையின் கடைசிப் பூவையும் போட்டு முடித்தேன்.

"எர்த்து புடிச்சிருச்சுய்யா!" என்று முதலாளி கைதட்டினார்.

அப்போதுதான் லேப்டாப்பின் அடியில் தொட்டுப் பார்த்தேன். காற்றுப் போகிற துவாரங்கள் இருந்தன. இத்தனை நாளும் மெத்தை அவற்றை அடைத்து, சூடு தாங்காமல்தான் அது அணைந்திருக்கிறது. அண்ணாச்சியின் காதோரம் குனிந்தேன்.

"அண்ணாச்சி, குழியில ஒண்ணுமில்ல. மெத்ததான் காத்த அடச்சிருக்கு. மொதலாளிகிட்ட சொல்லிரவா?"

என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். "ஏலே, கூறுகெட்டவனே! அவுக ஆசையாப் போட்ட மெத்தை அது. அதாலதான் கெட்டுச்சுன்னு ஆளுக முன்னால நீ சொன்னேன்னு வையி, மிசினு இருக்கும், நீ இருக்க மாட்ட. எர்த்துன்னே இருக்கட்டும்."

பிறகு குரலை உயர்த்தினார். "மொதலாளி, புது எர்த்து பலகை வழியாத்தான் மிசினுக்கு ஏறும். நடுவுல மெத்த கித்த ஆகாது. இந்தப் பய மேல ஒரு குத்தமும் இல்ல. நல்லாத்தான் பாத்திருக்கான்."

முதலாளி பக்தியோடு தலையாட்டினார். என் வேலை தப்பியது. அடுத்த வாரமே அண்ணாச்சி கூடத்து மோட்டாரைப் பழுதுபார்த்துப் புகைய வைத்தார் என்பது வேறு விஷயம்.

எனக்குக் கல்யாணமான புதிதில் வீட்டு மிக்ஸி மக்கர் செய்தது. டவுனில் நல்ல மெக்கானிக்குகள் இருந்தார்கள். நான் அண்ணாச்சியிடம்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்த பிறகு அது சுற்றவே இல்லை. வேறு ஒருவரிடம் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

"அப்ப நீங்களே அம்மியில அரைங்க" என்றாள் என் மனைவி.

அரைத்தேன்.