நம்பிக்கை உள்ள கால் சுடாது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், நைரோபியில் ங்கோங் சாலையே எங்கள் அலுவலகத்தின் பின்பக்கம் வந்து நிற்கும். பக்கத்துக் கட்டடத்து வங்கிக்காரர்கள் ஜன்னலில் தொங்குவார்கள். போடா போடா என்கிற வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மதில்மேல் ஏறிக்கொள்வார்கள். வாசலில் சோளம் சுட்டு விற்பவருக்கு அன்றைக்கு மட்டும் இரண்டு அடுப்பு. இவ்வளவு பேரும் எதைப் பார்க்க வருகிறார்கள் என்கிறீர்கள்? கம்ப்யூட்டர் படித்துப் பட்டம் வாங்கியவர்கள், பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தீ மிதிக்க வரிசையில் நிற்கிறார்களே, அதைத்தான்.

சாமிக்கு இல்லை. கம்பெனிக்கு.

எங்கள் கம்பெனியின் பெயர் கிமுலிமுலி, அதாவது மின்மினி. சரக்கு லாரியைக் கைபேசியிலேயே பிடித்துக் கொடுக்கிற ஆப் நடத்துகிறோம். மொம்பாசாவில் லாரி வேண்டும் என்று ஒருவர் அழுத்தினால் நாட்டின் மறுகோடியில், கிசுமுவில் லாரி கிளம்பும். சில நாள் அதுவும் கிளம்பாது, ஆப்பே படுத்துவிடும். காரணம் எல்லாருக்கும் தெரியும். சர்வர் பழசு, ஆள் குறைவு, இருக்கிற ஆட்களுக்குத் தூக்கம் குறைவு. புது சர்வர் வாங்கப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டு, அந்தப் பணத்தில் எங்கள் முதலாளி மோரிஸ் முகாம்பி மனசுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு கோச்சை வாங்கினார்.

மோரிஸை நாங்கள் சார் என்று கூப்பிடக் கூடாது. "நாம எல்லாம் ஒரே குடும்பம், மோரிஸ்னே கூப்பிடுங்க" என்பார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டு நடுவே போன் அடித்தால், அது குடும்பம் கூப்பிடுகிறது என்று அர்த்தம். கூடுதல் நேர வேலைக்குச் சம்பளம் கேட்டால் முகம் வாடிவிடும். "அண்ணன்கிட்ட தம்பி கூலி கேப்பானா?" என்பார். கேட்க மாட்டான்தான். அண்ணன் தம்பியை வேலையை விட்டுத் தூக்கவும் மாட்டான்.

கோச்சின் பெயர் எலியுட் வஞ்சாலா. போன வருஷம் வரை எடை குறைக்கும் தேநீர் விற்றுக்கொண்டிருந்தவர். இப்போது வெள்ளைக் கோட்டு, வாய்க்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மைக். வந்த அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்.

"ஆப் ஏன் விழுது தெரியுமா? சர்வரால இல்ல. உங்க மனசால. மனசுல நம்பிக்கை இருந்தா எந்த சர்வரும் விழாது. நம்பிக்கை இருக்கா இல்லயான்னு மனுஷனுக்குத் தெரியாது, தீக்குத் தெரியும். நம்பிக்கை உள்ள கால் சுடாது."

கைதட்டினோம். தட்டாமல் இருந்தால் மோரிஸ் பார்ப்பாரே.

அன்றிலிருந்து வெள்ளிதோறும் கரி கொட்டி எரித்து, தணலைப் பரப்பி, ஒவ்வொருவராக நடக்க வேண்டியது. மேலாளர்கள் முதலில் போவார்கள், சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். நாங்களும் போவோம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எவராவது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அவருக்குக் கம்பெனிமேல் பற்று இல்லை என்று அர்த்தம். திருந்த ஒரு மாதம். திருந்தாவிட்டால் வீட்டுக்கு. ஆட்குறைப்பு என்றால் சட்டப்படி கையில் பணம் கொடுத்து அனுப்ப வேண்டும். தீ அனுப்பினால் யார் கொடுப்பது? எத்தனை சிக்கனமான தீ பாருங்கள்.

படித்த கூட்டம் சும்மா இருக்குமா? ஒருத்தர் வியாழக்கிழமை விரதம் இருந்தார். ஒருத்தர் கம்பெனியின் மின்மினிச் சின்னத்தை உள்ளங்காலில் பேனாவால் வரைந்துகொண்டு நடந்தார், சுடவில்லை. அடுத்த வாரம் பாதி அலுவலகம் உள்ளங்காலில் மின்மினியோடு வந்தது.

இந்த நேரத்தில்தான் கதோனிக்குக் கால் வெந்தது.

கதோனி வாடிக்கையாளர் புகார்ப் பிரிவின் தலைவி. ஆப் விழும்போதெல்லாம் லாரிக்காரர்களின் வசவை நாள் முழுக்கக் காதில் வாங்குவது அவர்தான். வீட்டில் இரண்டு பிள்ளைகள், சம்பாதிப்பவர் இவர் ஒருவர். ஒரு வாரம் அலுவலகக் கூட்டத்தில் எழுந்து, தன் பிரிவுக்குக் கூடுதல் நேரச் சம்பளம் எப்போது வரும் என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அந்த வெள்ளிக்கிழமை அவர் தணலில் பாதி தூரம் போனதும் கோச் கையை உயர்த்தினார்.

"நில்லுங்க கதோனி. அங்கயே நின்னு நம்ம ஏழு கொள்கையயும் சொல்லுங்க."

கதோனி நின்றார். வேகம், உண்மை, பணிவு, பசி, சிரிப்பு, நன்றி, குடும்பம். சுவரில் எழுதியிருக்கிற வரிசை மாறாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் நடந்து வெளியே வரவில்லை, விழுந்து வெளியே வந்தார்.

நாங்கள் எல்லாரும் பார்த்தோம். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. "பாவம், பற்று இல்ல போல" என்று தலையை ஆட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம்.

தேநீர் அறையில் கதோனியின் காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள் அடோயோ. ஆப்பை வெளியிடும் முன் சோதித்துப் பார்க்கிற பெண். எதையும் நாலு விதமாக உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவது அவள் பிழைப்பு.

"எனக்குள்ளயே ஏதோ கோளாறு இருக்கு அடோயோ," என்றார் கதோனி. "ராத்திரியெல்லாம் யோசிச்சா கம்பெனி மேல கோவம்தான் வருது. அது தீக்குத் தெரிஞ்சு போச்சு."

காலையும் வேகவைத்து, தப்பும் என்மேல்தான் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து விட்டார்களே, பாவிகள்.

"அக்கா, இதுவரைக்கும் யார் யாருக்கு சுட்டுச்சு?" என்றாள் அடோயோ.

"லீவு கேட்ட முசியோகாவுக்கு. சம்பளம் ஏன் லேட்டுன்னு கேட்ட செரோப்புக்கு. அவங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயாச்சு. இப்ப எனக்கு."

"அவங்களையும் கோச் நடுவுல நிறுத்தினாரா?"

கதோனி யோசித்தார். "ஆமா. நிறுத்தினாரு."

"மேனேஜர் யாரயாவது நிறுத்தினாரா?"

"அவங்க விறுவிறுன்னு போயிருவாங்களே."

"நம்பிக்கையப் பாக்கணும்னா அதை மட்டும் மாத்திப் பாக்கணும். ஒருத்தர ஓடவிட்டு ஒருத்தர நிக்கவிட்டா, அது எதுக்கு சோதனை? கரி சட்டுன்னு காலுல சூட்ட ஏத்தாது அக்கா. கால எடுத்து எடுத்து வெச்சா ஒண்ணும் ஆகாது. நின்னா சப்பாத்திக் கல்லுதான்."

"ஒரு மாசத்துல மறுபடியும் நிக்கச் சொல்வாங்களே," என்றார் கதோனி. "வேலை போச்சுன்னா பிள்ளைங்கள என்ன பண்ணுவேன்?"

மாதம் ஓடியது. அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். ஒருத்தி வேலை போகப்போகிறது என்றால் வேடிக்கை பார்க்க நமக்குத்தான் எத்தனை ஆர்வம். புதுத் தோல் இன்னும் சிவப்பாக இருந்த காலோடு கதோனி தணல் முன்னால் நின்றார். கோச்சின் குரல் ஒலிபெருக்கியில் உருகியது.

"கடைசி வாய்ப்பு கதோனி. நடுவுல நின்னு, மனசார ஏழையும் சொல்லுங்க."

"அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவ போறேன் கோச்," என்று செருப்பை உதறினாள் அடோயோ. யாரும் பதில் சொல்வதற்குள் தணலில் இறங்கிவிட்டாள். விறுவிறுவென்று நடந்தபடியே கத்தினாள்.

"இந்தக் கம்பெனி மேல எனக்கு நம்பிக்கையே இல்ல. வேலைக்குக் காசு தரல. லீவு கேட்டா மூஞ்சியத் தூக்குறாங்க. சர்வர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் பொதைக்கல."

அந்தப் பக்கம் இறங்கி, இரண்டு உள்ளங்காலையும் மாறி மாறித் தூக்கி வங்கி ஜன்னலுக்குக் காட்டினாள். கொப்புளமும் இல்லை, மின்மினியும் இல்லை. மதில்மேல் விசில் பறந்தது.

கோச் தொண்டையைச் செருமினார். "தீ இன்னைக்குக் கருணையா இருக்கு."

"நல்லதாப் போச்சு. அது கருணையா இருக்கும்போதே மோரிஸ் ஒரு தடவ நிக்கட்டும். கதோனி அக்கா நின்ன அதே எடத்துல. நம்ம எல்லாரயும் விட அவருக்குத்தான பற்று அதிகம்?"

இங்கேதான் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். மோரிஸ் மோசடிக்காரர் இல்லை. அவர் எங்களைவிடப் பெரிய பக்தர். கோச் சொன்னது அத்தனையும் நம்பித்தான் சர்வர் பணத்தைத் தூக்கிக் கொடுத்திருந்தார். சந்தோஷமாகக் காலுறையைக் கழற்றினார்.

கோச்சின் முகத்தில் ஈயாடவில்லை. "வேண்டாம் மோரிஸ். தலைவர் நிக்கக் கூடாது. தலைவர் முன்னேறிக்கிட்டே இருக்கணும்."

"என் நம்பிக்கை மேலயே சந்தேகமா கோச்?" என்று சொல்லிவிட்டு மோரிஸ் நடுத்தணலில் போய் நின்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

"வேகம். உண்மை. பணிவு." அப்புறம் கொஞ்சம் இழுத்தார். "அது வந்து..."

"பசி, மோரிஸ், பசி," என்று நாங்கள் எடுத்துக்கொடுத்தோம். அந்த ஒரு கொள்கை எங்களுக்கு நன்றாகத் தெரியும், சம்பளம் தள்ளிப்போகும் மாதமெல்லாம் கடைப்பிடித்திருக்கிறோம்.

"பசி," என்றார் மோரிஸ். குரல் ஒரு மாதிரி கீச்சென்றது. முகம் கோணியது. ஆனாலும் நின்றார், பக்தர் அல்லவா. அதற்குமேல் கோச்சால் பொறுக்க முடியவில்லை. வாயில் மைக் இருப்பதையும் மறந்து அலறினார்.

"நிக்காதீங்க சார்! ஓடுங்க! நின்னா யாரா இருந்தாலும் சுடும்!"

ங்கோங் சாலை முழுவதும் கேட்டது.

மோரிஸ் ஒரே தாவாகத் தாவி, தண்ணீர் வாளிக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அடோயோ நிதானமாகக் கோச்சிடம் போனாள்.

"யாரா இருந்தாலுமா கோச்? இன்னொரு தடவ சொல்லுங்க. மதில் மேல இருக்கிறவங்களுக்கு சரியாக் கேக்கலயாம்."

கதோனி தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப எனக்குள்ள ஒரு கோளாறும் இல்லயா?" என்றார். அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தது அவருக்கு. கோச்சின் வாயிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டுபோய் மோரிஸ் முன்னால் நீட்டினார்.

"மோரிஸ் சார்," என்றார். சார் என்றுதான் சொன்னார். "உங்க சட்டப்படி பாத்தா உங்களுக்கும் பற்று இல்ல, நீங்களும் ஒரு மாசத்துல வீட்டுக்குப் போகணும். நான் அதக் கேக்கல. என் வேலை இருக்கா இல்லயா, முசியோகாவும் செரோப்பும் திரும்ப வரலாமா கூடாதா, எல்லாரும் கேக்க இதுல சொல்லுங்க."

வாளிக்குள் காலை வைத்துக்கொண்டு கர்வத்தோடு பேச எந்த முதலாளியாலும் முடியாது. "இருக்கு," என்றார் மோரிஸ். "அவங்களும் வரலாம்." வங்கிக்காரர்கள் கைதட்டினார்கள். கோச் எந்த போடா போடாவில் ஏறிப் போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

கதை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? திங்கட்கிழமை தேநீர் அறையில் கணக்குப் பிரிவு ஆசாமி என் காதருகே வந்து, "என்ன இருந்தாலும், அடோயோ காலுல கண்ணுக்குத் தெரியாத மையில மின்மினி வரஞ்சிருப்பா," என்றார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நெருப்பு சுடும் என்று தெரிந்துகொள்ளத் தோல் போதும் ஐயா. சிலரை மட்டும் ஏன் நடுவில் நிறுத்துகிறார்கள் என்று கேட்கத்தான் மூளை வேண்டும். அதைத் தேய்ந்துவிடாமல் பத்திரமாக வைத்திருந்து என்ன செய்யப்போகிறீர்கள்?