கட்டுக்கார பாய்க்கு வந்த கட்டி

நாகல் நகரில் யாருக்குக் கட்டி வந்தாலும், வந்தவருக்குத் தெரியும் முன்பே கட்டுக்கார பாய்க்குத் தெரிந்துவிடும். தெருமுனை கிளினிக்கில் புண்ணுக்குக் கட்டுப் போடுவது அவர் வேலை. போகிறவர் வருகிறவர் நடையை நோட்டம் விடுவது பொழுதுபோக்கு.

ஒருநாள் டீக்கடையில் கிளாஸை இடது கையால் எடுத்தேன். அவ்வளவுதான்.

"ஏலே, வலது அக்குள்ல கட்டிதானே? என்ன போட்ட?"

கடையே திரும்பிப் பார்த்தது. "மஞ்சளும் சுண்ணாம்பும், பாய்."

"சுண்ணாம்பு தடவ அது அக்குளா, வெத்தலையா? கிருமி உள்ள போயி, உடம்பு அதோட சண்ட போட்டு, செத்ததெல்லாம் சீழா நிக்குது. பிதுக்குனா இன்னும் உள்ளதான் போகும். டாக்டர் கீறித்தான் எடுக்கணும்." சொல்லிக்கொண்டே ஒரு வடையைச் சட்னியில் அமுக்கிக் காட்டினார். அன்று அந்தக் கடையில் அதற்குமேல் வடை விற்கவில்லை.

டாக்டர் கீறினார், பாய் கட்டினார், எனக்கு ஆறிவிட்டது.

அப்பேர்ப்பட்டவர் போன வருஷம் ஒரு வாரமாக நின்றுகொண்டே டீ குடித்தார். ஸ்கூட்டரை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே போனார்.

"பாய், எந்தப் பக்கம்?" என்றேன்.

"வாய மூடுலே. தானா உடையும்."

கையைத் தொட்டேன். அனலாகக் கொதித்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"டாக்டர்ட்டச் சொல்றேன்."

"சொல்லிராதலே! தினமும் கத்திய எடுத்துக் குடுக்குறவன் நான். அது எம்புட்டுக் கூர்னு எனக்குத்தான் தெரியும்!"

கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டுதான் போனேன். சோதித்ததில் சர்க்கரை எக்கச்சக்கம். "ஊருக்கெல்லாம் சுகர் பாக்கச் சொன்னீங்களே, நீங்க பாத்தீங்களா? இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா விஷம் ரத்தத்துல ஏறியிருக்கும்" என்று டாக்டர் சத்தம் போட்டார். பாய் குப்புறப் படுத்தார். மரத்துப்போக ஊசி போடும்போதே என் விரல்களை நெரித்தார். கண்ணை இறுக மூடியிருந்தார்.

"முடிஞ்சுது பாய்" என்றார் டாக்டர்.

"ஆரம்பிக்கவே இல்லையே?"

மருந்து மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். நர்ஸிடம் காட்ட வெட்கம் என்று அடம்பிடித்தார். டாக்டர் சொல்லித்தர, தினமும் காலையில் நான்தான் கட்டு மாற்றினேன்.

"துணிய மெதுவா எடுலே! கை கழுவுனியா? என்னத்தக் கட்டுற, பூச்செண்டா?"

இரண்டு வாரம் விடாமல் திட்டினார். கடைசியில், "ஆறிருச்சு. நாளைலருந்து வராத" என்றார்.

மறுநாளும் போனேன். இரண்டு வாரமும் தட்டினால்தான் திறந்த கதவு, அன்று திறந்தே இருந்தது.